பரஸ்தானம் வெச்ச பெட்டி

நான் ஊர் சுத்தினவ. ஆத்துக்காரரோட உத்தியோகம் அப்படி. ஏடன் வெய்யில்ல தலை சுத்தி உக்காந்திருக்கேன், நேப்பிள்ஸ்ல எரிமலையை எட்ட நின்னு பார்த்திருக்கேன், லண்டன் மழையில நனைஞ்சு ஜலதோஷம் பிடிச்சு கூட வந்தவா எல்லாரையும் திட்டியிருக்கேன். கல்யாணம் கார்த்தின்னு நாலு பேர் கூடற இடத்துல யாராவது ஒருத்தி வந்து, "நீங்க போனதுல மறக்கவே முடியாத ஊர் எது மாமி?"ன்னு ஆரம்பிப்பாள். அவளுக்கு வேண்டியது ஈபிள் கோபுரம். எதுக்கு வம்புன்னு நானும் ஈபிள் கோபுரம்னு சொல்லிட்டுப் பந்திக்குப் போயிடுவேன். நிஜத்தைச் சொன்னால் அவளுக்குத் தொண்டையில சாதம் இறங்காது.

நிஜம் என்னன்னா, எனக்கு மறக்க முடியாத பிரயாணம் எங்க அக்கா லண்டனுக்குக் கிளம்பினதுதான். மைசூர்ல எங்க தெருவைத் தாண்டாத பிரயாணம் அது.

சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. அப்பா சர்க்கார் ஆபீஸ்ல குமாஸ்தா. ராஜ்யம் கைமாறிப் போச்சுன்னு அவர் ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இன்னும் நம்பிக்கை வரலை, பழைய தலைப்பாகையைக் கட்டிண்டே வேலைக்குப் போயிண்டிருந்தா. நான் ஹைஸ்கூல். அக்காவுக்குக் கல்யாணமாகி நாலு மாசத்துல அத்திம்பேர் இன்ஜினீயரிங் மேல்படிப்புக்கு லண்டன் போயிட்டார். அவருக்குத் தாயார் தகப்பனார் கிடையாது. ஒரே ஒரு தமையன், அவரும் மதராஸ்ல ஒண்டுக்குடித்தனம். அதனால அக்கா எங்காத்துலயே தங்கிட்டாள்.

போற வழியெல்லாம் அத்திம்பேர் படக்கார்டு போட்டார். ஏடன் கார்டுல ஒட்டகம் ஒண்ணு தண்ணி வண்டியில பூட்டிண்டு ரொம்பக் கோவமா நிக்கும். சூயஸ் கார்டுல கால்வாய் நடுவுல கப்பல், கரையில பேரீச்ச மரம். மார்சேல்ல மலை உச்சியில ஒரு கோவில். அக்கா என் ஸ்கூல் அட்லஸைப் பிடுங்கி வெச்சுண்டு ஒவ்வொரு ஊரா விரல் வெச்சுப் பார்ப்பாள். காவேரியைத் தவிர வேற தண்ணியைப் பார்க்காதவள், எந்தக் கடலுக்கு அடுத்து எந்தக் கடல்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். "செங்கடல் சிவப்பா இருக்காதாம், தெரியுமோ?"ன்னு என்கிட்ட பெருமை வேற.

லண்டன் போய்ச் சேர்ந்தப்புறம் கார்டு குறைஞ்சுது, இருமல் கூடித்து. அத்திம்பேர் வெங்காயம்கூடத் தொடாத வைஷ்ணவர். அந்த ஊர்ல அவருக்குக் கிடைச்சது வெந்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் பாலும். முதல் குளிர்லயே நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கிடந்து எழுந்தார். வேளைக்குச் சூடா சாப்பாடு போட ஆள் வேணும், இன்னொரு குளிர்காலத்தை இந்த உடம்பு அரைவயித்தோட தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அத்திம்பேர் அதையே வேடிக்கையா எழுதியிருந்தார். அக்காவுக்கு வேடிக்கையா இல்லை. அடுத்த குளிருக்கு முன்னாடி அங்கே போய் அடுப்பு மூட்டணும், அவளுக்கு வேற நினைப்பே இல்லை.

அப்புறம் எங்காத்துல நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. மார்க்கெட் பக்கத்துல ஒரு டெய்லர், பொம்மனாட்டிக்கு ஓவர்கோட் தெச்சதே கிடையாது. பட்டாளத்துக் கோட்டைப் பார்த்துத் தெச்சு, தோள்ல பட்டி வெச்சு, பித்தளைப் பொத்தானும் போட்டுக் குடுத்துட்டார். அதைப் போட்டுண்டு அக்கா கூடத்துல நின்னாள், நான் சல்யூட் அடிச்சேன். ஷூ போட்டுப் பழகணும்னு சாயங்காலம் தெருக்கோடி வரைக்கும் நடப்பாள். மடிசார்ப் புடவைக்குக் கீழே கறுப்பு ஷூ. தெருவே வாசல்ல நின்னு பார்க்கும். "பாக்கட்டும், டிக்கெட்டா வாங்கறா"ம்பாள் அக்கா. சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், வடாம்னு அம்மா கட்டின மூட்டையைப் பார்த்தால் லண்டன்ல சத்திரம் தொறக்கப் போறாப்ல இருந்தது.

அத்திம்பேர் அங்கேயிருந்தே கப்பலுக்கு ஏற்பாடு பண்ணிட்டார். பெங்களூர்ல ஒரு டாக்டரும் அவர் ஆத்துக்காரியும் அதே கப்பல்ல போறா, அவா அக்காவைக் கையோட கூட்டிண்டு போறதாப் பேச்சு. அப்பா பம்பாய் வரைக்கும் போய் ஏத்திவிட்டு வரணும். மைசூர்லேர்ந்து ரயில் ஏற வேண்டிய நாள் ஆவணி மாசத்துல ஒரு புதன்கிழமை. பஞ்சாங்கத்தைப் பிரிச்சா நவமி. போதாததுக்கு புதன் வடக்கே சூலம், பம்பாயோ வடக்கே. கப்பல்காரன் பஞ்சாங்கம் பார்த்தா கப்பல் விடறான்?

இதுக்கெல்லாம் எங்க மனுஷா ஒரு வழி வெச்சிருக்கா. அதுக்குப் பேர் பரஸ்தானம். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லைன்னால், அதுக்கு முன்னாடி நல்ல நாளா பார்த்து, நல்ல வேளையில, பிரயாணச் சாமான்ல ஒண்ணை வேற ஆத்துல கொண்டு வெச்சுடணும். அப்போவே பிரயாணம் ஆரம்பிச்சாச்சுன்னு கணக்கு. அப்புறம் நிஜமாக் கிளம்பற அன்னிக்கு அதைப் போற வழியில எடுத்துண்டு போகணும். ஒருதரம் வாசல் தாண்டின சாமான் திரும்ப உள்ளே வரப்படாது.

திங்கட்கிழமை சப்தமி, நல்ல நாள். அப்பா ஒரு புடவையை மடிச்சுக் குடுத்தனுப்பினால் போறும்னார். அம்மா ஒத்துக்கலை. "சமுத்திரம் தாண்டிப் போறவளுக்கு ஒத்தைப் புடவையை வெச்சுப் பெருமாளை ஏமாத்தறதா? எது இல்லாமல் போக முடியாதோ அதைன்னா வெக்கணும்." சரின்னு தோல் பெட்டியே போச்சு. பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், அந்தப் பட்டாளத்துக் கோட்டு, எல்லாம் அதுக்குள்ளே.

கொண்டு வெச்சது அதே தெருவுல இருந்த பெரியப்பா ஆத்துல. அப்பாவோட ஒண்ணுவிட்ட அண்ணா அவர். பிள்ளை குட்டி கிடையாது, பெரியம்மாவும் அவரும்தான். எங்க ரெண்டு பேரையும் தோள்ல தூக்கி வளர்த்தவர். பெட்டியை நான் தூக்கறேன்னதுக்கு, "நீ சும்மா இரு, லண்டன் சாமானைக் கீழே போட்டுடுவே"ன்னு அவரே தூக்கிண்டு போய் அவாத்து உள் ரூம்ல வெச்சார். அக்காவைப் பார்த்து, "இனிமே நீ கிளம்பியாச்சு, எங்காத்து வாசல்தான் உன் பம்பாய்"ன்னு சிரிச்சார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியப்பா காப்பி டம்ளரைக் கையில வாங்கினவர் வாங்கினபடியே சாஞ்சுட்டார். டாக்டர் வரத்துக்குள்ளே போயிட்டார்.

பெரியப்பா போனது துக்கம், யார் இல்லேன்னா. ஆனா அன்னிக்கு எங்காத்துல ஒவ்வொருத்தர் மூஞ்சியிலயும் துக்கத்துக்குப் பின்னாடி இன்னொண்ணு நின்னுண்டிருந்தது. பங்காளிச் சாவு, பத்து நாள் தீட்டு. பிள்ளை இல்லாத மனுஷர்ங்கறதால கொள்ளி போட வேண்டியது அப்பா. அவர் ஊரைவிட்டு நகர முடியாது. பெட்டியோ சாவு விழுந்த ஆத்துக்குள்ளே இருக்கு.

அக்கா அழுது முடிச்சு, முகத்தைத் துடைச்சுண்டு, அம்மாகிட்ட மெதுவாத்தான் கேட்டாள். "எதிராத்து மாமாவை விட்டு என்னைப் பெங்களூர்ல கொண்டுவிடச் சொன்னால் போறும்மா. அங்கேயிருந்து டாக்டர் மாமா பார்த்துப்பார். பெட்டியை மட்டும் யாராவது எடுத்துக் குடுங்கோ."

நான் எடுத்துண்டு வரேன்னு எழுந்துட்டேன். அம்மா என் கையைப் பிடிச்சு உக்கார வெச்சாள். "பத்து நாள் தீட்டை உடம்புல வெச்சுண்டு சமுத்திரம் தாண்டறதா? போய் அந்தக் கையால அவருக்குச் சமைச்சுப் போடறதா? ஏற்கெனவே சீக்காளி மனுஷர். அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னால் நீ தாங்குவியாடி?"

அக்கா வேற எதுக்கும் மசியறவ இல்லை. நவமியாவது சூலமாவதுன்னு கிளம்பியிருப்பாள். ஆனா அவருக்கு ஆகாதுன்ன உடனே மசிஞ்சுட்டாள். "அவருக்கு ஆகாதுன்னா நான் போகலை"ன்னு சொல்லிட்டு, எங்களோட சேர்ந்து தீட்டுக்காரியா மூலையில உக்காந்துட்டாள். புதன்கிழமை ரயில் போச்சு. கப்பலும் போச்சு.

பத்தாம் நாள் காரியம் முடிஞ்சு வாத்தியார் யார் யார் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும்னு சொல்லிண்டு வந்தார். அக்காவைப் பார்த்து நின்னார். "இந்தக் குழந்தை ஏன் உங்களோட உக்காந்திருக்கு?"

"பங்காளித் தீட்டோல்லியோ"ன்னாள் அம்மா.

"கல்யாணமான பொண்ணுக்குப் பொறந்தாத்துப் பங்காளித் தீட்டு ஏது? அவ கோத்திரமே மாறியாச்சே. ஸ்நானம் பண்ணினாப் போறும், அன்னிக்கே எங்கே வேணும்னாலும் போயிருக்கலாம்." அவருக்குக் கப்பல் விஷயமே தெரியாது. பாவம், சாதாரணமாத்தான் சொன்னார்.

எங்க தெருவுல தீட்டு சமாசாரத்துக்கு அம்மாதான் ஹைகோர்ட். யாருக்கு எத்தனை நாள், யாருக்குக் குளிச்சால் போறும், எல்லாம் விரல் நுனியில. இந்த விதி அம்மாவுக்குத் தெரியாதா? ஊர்ல எத்தனை பொண்களுக்குச் சொல்லியிருப்பாள், தாலி ஏறித்துன்னால் நீ வேறாத்து மனுஷி, உனக்கு இங்கே பாத்தியதை இல்லைன்னு. தன் பொண்ணு விஷயத்துல தோணலை. எங்க தட்டுல சாப்பிட்டு, எங்க பாயில படுத்து, என் பாவாடைக்கு நாடா கோத்துண்டு இருந்தவளை வேறாத்துப் பொண்ணுன்னு நினைக்க அம்மாவுக்கு வரலை. அப்பாவுக்கும் வரலை. வாத்தியார் பத்து நாளும் கூடவேதான் இருந்தார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நன்னாத் தெரிஞ்ச விஷயத்தை யார் கேப்பா? எனக்கு இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியறது. யாரைத் திட்டறதுன்னு தெரியாததால இன்னும் ஜாஸ்தி எரியறது.

அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாள். "அப்போ நான் போயிருந்தால் அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காதா மாமா?"

"ஒண்ணும் ஆயிருக்காதும்மா."

அப்பா பெரியப்பா ஆத்துக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிண்டு வந்தார். வாசல் தாண்டின பெட்டி திரும்ப உள்ளே வரப்படாதுன்னு ஒருத்தரும் சொல்லலை. யாருக்கு அதைச் சொல்ல வாய் வரும்?

அடுத்த கப்பலுக்கு அப்பா அலையா அலைஞ்சார். இடம் கிடைச்சால் துணை இல்லை, துணை கிடைச்சால் இடம் இல்லை. இருபது வயசுப் பொண்ணைத் தனியா அனுப்ப அந்தக் காலத்துல யாருக்கும் தைரியம் கிடையாது, எங்கப்பாவுக்குத் துளிகூடக் கிடையாது. கடைசியா ஒரு ப்ரொபசர் குடும்பத்தோட பங்குனியில போகலாம்னு நிச்சயமாச்சு. தசரா வந்தது, ஊரெல்லாம் விளக்கு. அக்கா பார்க்க வரலை. தீபாவளி போச்சு. அத்திம்பேர் கோச்சுக்கவே இல்லை. "இந்தக் கப்பல் போனால் அடுத்த கப்பல், பெரியப்பாதான் அவசரப்பட்டுட்டார்"னு எழுதினார். அப்புறம் ஒரு படக்கார்டு வந்தது, பாலத்து மேலெல்லாம் பனி. பின்னாடி ரெண்டே வரி. குளிர் வந்தாச்சு, உன் கோட்டைப் பத்திரமா வெச்சுக்கோ.

அக்கா அதைப் படிச்சுட்டு வெளியில வெய்யில்ல போய் நின்னாள். நானும் பக்கத்துல போய் நின்னேன். "இங்கே எவ்வளவு வெய்யில் பாரு, வீணாப் போறது"ன்னாள்.

மார்கழி மாசம் ஒரு மத்தியானம் தந்தி வந்தது. அப்பா ஆபீஸ்லேர்ந்து சாப்பிட வந்திருந்தார். வாசல்லயே பிரிச்சுப் படிச்சுட்டு, படியில உக்காந்துட்டார். இங்கிலீஷ் தெரிஞ்சவ நான், வாங்கிப் படிச்சேன். ரெண்டு நாள் ஜுரம், நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரியில போயிட்டார். கூடத் தங்கியிருந்த யாரோ சிநேகிதர் அனுப்பியிருந்தார். சத்தமாச் சொல்ல வேண்டியிருக்கலை, அக்கா ரேழியில நின்னு என் மூஞ்சியைத்தான் பார்த்துண்டிருந்தாள்.

அம்மா சமையல் உள்ளேர்ந்து வந்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். "ஐயோ என் குழந்தே"ன்னு ரெண்டு கையையும் நீட்டிண்டு அக்காவைக் கட்டிக்க ஓடினாள்.

அக்கா சுவரோரமாப் பின்வாங்கிட்டாள். அழுகை இல்லை, கத்தல் இல்லை. அடுத்தாத்துக்காராளுக்குச் சொல்றாப்ல சொன்னாள். "கிட்ட வராதேம்மா. எனக்குத் தீட்டு. இது எங்காத்துத் தீட்டு."

நீட்டின கையோட அம்மா அப்படியே நின்னாள். பத்து நாளும் அக்கா அவளைத் தொட விடலை.