கழலாத கிளீட்டும் கன்டெய்னர் லாரியும்

இன்று காலை எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாசம் எல்லாம் இல்லை. விட்டால் விழுந்துவிடுவேன்.

காரணம் ஒரு இரும்புத் துண்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கிளீட் என்று பெயர். சைக்கிள் ஷூவின் அடியில் இரண்டு திருகு போட்டு மாட்டுவது. பெடலில் வைத்து மிதித்தால் ‘க்ளிக்’... கால் பெடலோடு ஒட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும்.

கழல வேண்டும்.

கடைக்காரர் சொன்னார்: “ரொம்ப லைட் வெயிட் சார். ஆனா தேயவே தேயாது. ரோடே இல்லாத இடத்துல ஓட்டுறவங்களுக்குன்னே செஞ்சது.”

ரோடே இல்லாத இடமா? அது எங்கள் வீட்டு வாசலிலேயே ஆரம்பிக்கிறதே என்று வாங்கிவிட்டேன். லைட் வெயிட் என்றதில்தான் எனக்குக் கோபம். என் தொப்பையைப் பார்த்துக்கொண்டே ஒரு மனுஷன் சில கிராம் மிச்சம் என்கிறான். யாரிடம் காது குத்துகிறாய்?

மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பாதி வாழ்க்கை தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். எனக்குத் திருகு போட ஒருத்தன் வேண்டுமா?

போன வாரம் வீட்டு கேட் முன்னாலேயே இரண்டு முறை விழுந்தேன். கழற்ற மறந்து, நின்ற இடத்திலேயே, வெட்டின வாழை மாதிரி. திருவொற்றியூரே பார்த்தது. என் மனைவி மல்லிகா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

“இந்தா பாரு... இன்னொரு வாட்டி வுழுந்த, சைக்கிள் என் தம்பிக்கு. பேச்சே கெடையாது.”

தம்பி மாதவரத்தில் இருக்கிறான். சைக்கிள் வாங்கிய நாளில் இருந்தே அதை அவன் பார்க்கிற பார்வை சரியில்லை. அடுத்தவன் தட்டில் இருக்கும் பிரியாணியைப் பார்க்கிற பார்வை.

ஆகவே இன்று விழக்கூடாது. சாட்சிக்கு பஷீர் பாய் கூட வந்தார். என் தோஸ்து. வண்ணாரப்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி மொத்த வியாபாரம். ரப்பர் செருப்பு போட்டுத்தான் ஓட்டுவார். பாய் பொய் சொல்ல மாட்டார் என்பது மல்லிகாவின் நம்பிக்கை. என் கவலையும் அதுதான்.

எண்ணூர் முகத்துவாரம் வரை போனோம். மணல், அனல்மின் நிலையச் சாம்பல், குழி – விழவில்லை. திரும்பும்போது பாய் டீ குடிக்க முன்னால் போய்விட்டார். நான் துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையை ஒட்டி வந்தேன். முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தேன். குதிகாலைத் திருப்பினேன்.

ஷூ திரும்பியது. ஆனால் அடியில் கிளீட் அசையவே இல்லை. இன்னொரு காலும் அப்படியே. குழியில் குதித்துக் குதித்து நான் போட்ட திருகெல்லாம் லூஸ். சாய்ந்தேன். கைக்குக் கிடைத்தது லாரி.

கிளீனர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

“யோவ் பெர்சு, கைய எடு. வண்டி நகரப் போவுது.”

“எடுத்தா வுழுந்துடுவேன்.”

“அப்போ கால கீழ வையி.”

“கால் வரல.”

“வரலயா? இன்னா, பெடல்ல வெச்சு தெச்சிகினு வந்தியா?”

வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். நின்றது. நானும் நின்றேன். இப்படியே போனால் கன்டெய்னரோடு சேர்த்து என்னையும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் போலிருந்தது. நல்லவேளை, வழியில் டீக்கடை வந்தது. பாய் கிளாஸும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

“இன்னா மாமு, லாரியில வேலைக்குச் சேந்துட்டியா?”

“சைக்கிளப் புடி பாய்.”

“டீ சூடா கீது.”

“மச்சான் சைக்கிள எடுத்துகினு போயிடுவான் பாய்.”

அது வேலை செய்தது. கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்து சீட்டைப் பிடித்தார். லேஸை அவிழ்த்து, ஷூவைப் பெடலிலேயே விட்டு, காலை மட்டும் உருவிக்கொண்டு இறங்கினேன்.

விழவில்லை.

சாக்ஸோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஷூ இரண்டும் பெடல் மேல் ஜம்மென்று உட்கார்ந்து வந்தன. எதை வாங்கப் போனாலும் நன்றாகப் பிடிக்குமா என்றுதானே கேட்கிறோம்? எப்படி விடும் என்று கேட்கிறோமா? ஜிம்மில் சேர ஒரு கையெழுத்து. விலகிப் பாருங்கள். யாரோ ஒருவரின் கல்யாணத்துக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்தார்கள். கல்யாணம் முடிந்து குழந்தைக்குக் காதும் குத்தியாகிவிட்டது... நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். எல்லாமே கிளீட்தான் சார்.

வாசலில் மல்லிகா. சாக்ஸைப் பார்த்தாள். பெடலைப் பார்த்தாள். என்னை விட்டுவிட்டு, கூட வந்த பாயிடம் திரும்பினாள்.

“பாய், வுழுந்தாரா?”

“இல்ல தங்கச்சி. லாரியப் புடிச்சிகினு வந்தாரு. ஆனா வுழல.”

இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

அதோடு உள்ளே போயிருக்கலாம். ஷூவைக் கழற்றக் குந்தினேன். ஷூ கழல வேண்டுமென்றால் திருகை இறுக்க வேண்டும். திருகு ஷூவுக்கு அடியில். ஷூ கழன்றால்தான் திருகே தெரியும். எந்தப் புண்ணியவான் யோசித்தான் இதை? கோபத்தில் ஒரு காலால் சைக்கிளை உதைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஷூவை இழுத்தேன்.

வந்தது. ஷூவோடு நானும் பின்பக்கமாகப் போய், கோலத்தின் மேல் மல்லாந்தேன்.

மல்லிகா போனை எடுத்தாள். “தம்பி, கெளம்பி வா.”

“நான் சைக்கிள்லேர்ந்து வுழலியே” என்றேன்.

“வுழுந்தா வுழுந்ததுதான்.”

பாயைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

வாசகர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள். தரையில் குந்தியிருந்தவன் தரையிலேயே சாய்ந்தால் அதற்குப் பெயர் விழுவதா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்... மச்சான் மணலி தாண்டிவிட்டானாம்.