ஏரி வண்டலும் எஸ்தர் மேடமும்

"எஸ்தர் போயிட்டா மேடம்" என்று அவர் கணவர் சாமுவேல் தொலைபேசியில் சொன்னபோது, கல்லூரி ஆய்வகத்தில் எஸ்தர் மேடம் விட்டுப்போன வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். மாகறல் பக்கத்து ஏரி வண்டலிலிருந்து பிரித்த, இலைதழை மக்கி உண்டான கறுப்பு மக்கை பொட்டாசியம் புரோமைடு உப்போடு அரைத்து, வில்லையாக அழுத்தி, அகச்சிவப்புக் கதிர்க் கருவியில் வைக்கும் வேலை. மக்கு எந்த அலையை விழுங்குகிறதோ, அந்த இடத்தில் வரைபடத்தில் பள்ளம் விழும். பள்ளங்களைப் பார்த்து மக்குக்குள் என்ன இருக்கிறதென்று சொல்லலாம்.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு நினைவிருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் தெரு நெசவாளர்கள் ஈரத்துக்குப் பயந்து பாவு நூலை வெளியில் விரிக்காத காலையில், நம்மையும் வில்லை அழுத்த விடமாட்டார். "வானம் ஈரமா இருக்குது மேடம். உப்பு தண்ணியக் குடிச்சிக்கினு பொய் சொல்லும்" என்பார். பஞ்சாங்கம் என்று கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருமுறை இரண்டு மாதிரிகளின் பெயரை மாற்றி ஒட்டிவிட்டார். அவரே அதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு மேசையாக வந்து சொன்னார். இதற்குத் தண்டோரா போடவேண்டுமா என்று கேட்டேன். "நம்ம தப்ப சத்தமா சொல்லிடணும் மேடம். முணுமுணுத்தா பக்கத்துல இருக்கறவங்க மேல ஒட்டிக்கும்" என்றார்.

எங்கள் இருவர் பெயரிலும் வந்த கடைசிக் கட்டுரைக்கு, சிகிச்சைக்கு நடுவே, அடைமழையில் அவசரமாக அவரே அளவெடுத்தார். அகலமான ஒரு பள்ளம் விழுந்தது. மக்கின் தனிக்குணம் என்று எழுதினோம். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் புகழ்ந்தது அந்தப் பள்ளத்தைத்தான். அதற்குள் உப்பை நன்றாக உலர்த்தி மறுபடி அளந்திருந்தேன். பள்ளத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. அது உப்பு குடித்த மழை ஈரம். ஒலிவாங்கி என்னிடம் வந்தபோது அவருடைய நல்ல குணத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தேன். இறந்தவர் மேல் குறை சொல்ல வெட்கம். உட்கார்ந்தபின் அதைவிட வெட்கம்.

சாமுவேலிடம் போய்ச் சொன்னேன். வெளியே சொன்னால் எஸ்தர் மேடம் பேர் கெட்டுவிடுமோ என்றும் கேட்டேன். "தப்பு வந்ததுக்கு அவ ஒண்ணும் அழமாட்டா மேடம். நீங்க கூட்டத்துல சொல்லாம வந்துட்டீங்களே, அதுக்குத்தான் அழுவா" என்றார்.

மறுநாள் இதழுக்குத் திருத்தம் அனுப்பினேன். உங்களுக்கும் இங்கே சொல்லிவிட்டேன். அவர் இருந்திருந்தால் முந்திக்கொண்டு அவரே எழுதியிருப்பார். நான் அடியில் கையெழுத்துப் போட்டு நல்லவளாகியிருப்பேன். இத்தனை வருடம் அப்படித்தான் நடந்தது. முதலில் வாய் திறக்கும் அந்த வேலையை இப்போது எனக்கு விட்டுப்போயிருக்கிறார்.