அழித்து எழுதிய நாலு

டாக்டர் ஞானப்பிரகாசம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் அறந்தாங்கி வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நம்மோடு கம்பவுண்டராக இருந்த வேலுச்சாமி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்து, "சிஸ்டர், நம்ம டாக்டர் போயிட்டாருங்க. நாளைக்கு ஆவூர்ல எடுக்குறாங்க" என்றார். டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை எட்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். அவரோடு வேலை பார்த்த உங்களிடமாவது இப்போது சொல்லிவிடுகிறேன்.

திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம் ஒன்று நடத்திய நம் சின்ன ஆஸ்பத்திரியில், மனம் சரியில்லாத பெண்களுக்கென்று எட்டுக் கட்டில் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் வருஷம் ஒரு தடவை வந்து, "எத்தனை பேருக்குக் கொணமாச்சு?" என்று கேட்பார். டாக்டர் வந்த முதல் வருஷமே, "கொணம்னா எதுங்க? சாப்பிடுறதா, குளிக்கிறதா, பேசுறதா, வேலை செய்யிறதா?" என்று திருப்பிக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் மார்க் போடும் வழக்கம் வந்தது. அந்த நான்குக்கும் தனித்தனியே சைபரிலிருந்து நாலு வரை. டாக்டர் ஒரு தாளில் போடுவார், நான் ஒரு தாளில் போடுவேன். இருவரும் எழுதி மடித்த பிறகுதான் பிரித்துப் பார்க்க வேண்டும். "நோயாளி தேறியிருக்கா, இல்ல தேறணும்னு நமக்கு ஆசையா? அதைக் கண்டுபிடிக்கத்தான் ரெண்டு தாளு" என்பார்.

ஒரு பெண்ணுக்குப் பேச்சில் அவர் மூன்று போட்டார், நான் ஒன்று போட்டேன். "என்ன சிஸ்டர், கை இவ்வளவு கஞ்சமா இருக்கு?" என்றார். "ஒங்ககிட்ட மட்டுந்தான் பேசுது டாக்டர். நான் கேட்டா செவுத்தப் பாக்குது" என்றேன். சிரித்துவிட்டு அவளை இன்னும் பத்து நாள் வைத்துப் பார்த்தார். அப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கருப்பாயியை உங்களுக்கு நினைவிருக்கும். விராலிமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். பிள்ளை செத்த பிறகு சோற்றைத் தொடவில்லை. "புள்ள பசியோட போயிருச்சு, நான் எப்புடித் திங்கிறது?" என்று இதையேதான் சொல்வாள். மூன்று மாதத்தில் தலை வாரினாள், துணி துவைத்தாள், என்னைக் கேலிகூடச் செய்தாள். சாப்பிட்ட தட்டு துடைத்ததுபோல் இருந்தது. டாக்டருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அவள் அண்ணன் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அழைத்துப்போக வந்த அன்று, பின்பக்க ஜன்னல் வழியாக அவள் சோற்றை நாய்க்குப் போடுவதைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர்ட்ட சொல்லிராதீங்க. வீட்டுக்குப் போனா சாப்புட்ருவேங்க." நான் கையை விடுவித்துக்கொண்டு வந்து, சாப்பாட்டுக்குப் பென்சிலால் ஒன்று என்று எழுதினேன். மடிப்பதற்குள் டாக்டர், தான் போட்ட விதியைத் தானே மறந்து, "சாப்பாட்டுக்கு நாலு போட்டுட்டேன் சிஸ்டர்! நம்ம கருப்பாயி ஜெயிச்சிட்டா" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பெரியவர்கள் சொன்னதற்கு மேல் பேசாதே என்று வளர்க்கப்பட்டவள் நான். திரும்பி நின்று ரப்பரால் அழித்து நாலு என்று எழுதினேன். நாசமாய்ப் போன கை.

ஒரு மாதம் கழித்து அண்ணன்காரர் தனியாக வந்தார். போகும்போது நாம் கொடுத்தனுப்பிய போர்வையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். "தட்டு காலியாத்தாங்க இருந்துச்சு. கொல்லப்பக்கம் கோழி தின்னது அவ கண்ண மூடுற வரைக்கும் எங்களுக்குத் தெரியலைங்க" என்றார். பிறகு, "நீங்க நல்லாத்தான் பாத்தீங்க. எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கலை" என்று கும்பிட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டர் அவள் தாள்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு பேருமே நாலு போட்டிருக்கோம்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட வாயெடுத்தவள், அந்தப் போர்வையை அலமாரியில் வைக்கப் போய்விட்டேன். மறுநாள் என் மேஜையில் மைக்கூடும் பேனாவும் இருந்தன. "இனிமே நீங்க மொதல்ல எழுதுங்க சிஸ்டர். மையில எழுதுங்க. நீங்க மடிக்கிற வரைக்கும் நான் அறைக்குள்ள வரமாட்டேன்" என்றார். தான் விதியை மீறியதற்காகச் செய்கிறார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அதன்பிறகு அவர் எந்தப் பெண்ணையும் சாப்பாட்டு நேரத்தில் கூடவே உட்கார்ந்து பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பவில்லை. போனவளைத் திரும்பக் கொண்டுவர அது எதற்கு உதவும்?

ஆவூரில் அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி ஒரு பழைய உறையை என்னிடம் கொடுத்தார். "மரகதம் சிஸ்டருக்குன்னு சொல்லி வச்சிருந்தாருங்க." உள்ளே கருப்பாயியின் இரண்டு தாள்கள். அவருடைய தாளில் சாப்பாட்டுக்குப் போட்ட நாலை அடித்து, ஒன்று என்று எழுதியிருந்தார். என் தாளில் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. ரப்பர் தேய்த்த இடத்தில் பழைய ஒன்று இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதைச் சுற்றி மையால் ஒரு வட்டம்.

மேஜையில் பேனா வைத்த அன்றிலிருந்து எட்டு வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளாவது கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ, இனி யாரைக் கேட்பது? அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வட்டம்தான். நான் சரியாகத்தான் பார்த்தேன் என்பதற்கு அது ஒன்றே சாட்சி.