ராசியான கை

துணிக்கடையில் பில் போடும் அவளுக்கு, வீட்டில் மகள் சிட்டுவுக்கு ஊட்டுவதே பெரும்பாடு. நான்கு வயது. பெருமூளை வாதத்தால் கழுத்து நிற்காது, நாக்கு சொன்னபடி கேட்காது. மடியில் சாய்த்து, தலையை அண்ணாத்திப் பிடித்துக் கஞ்சியை ஊற்றுவாள். பாதி வழியும், மீதி இருமலாய்த் திரும்பும். "எலும்பும் தோலுமா இருக்காளே" என்று யாராவது சொன்னால், அறை வாங்கியது போலிருக்கும்.

குழந்தைக்கு விழுங்கப் பழக்கும் தெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டிய நாளில் கடையில் லீவு கிடைக்கவில்லை. கொழுந்தன் மனைவி, சின்னவள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். போனவள் கற்றுக்கொண்டும் வந்தாள். சிட்டுவை நாற்காலியில் நேராக உட்கார வைத்து, இருபுறமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுப்பாள். முகவாயை லேசாகத் தாழ்த்தி, கெட்டியாக மசித்ததில் அரை ஸ்பூன் எடுத்து, நாக்கின் மேல் மெல்ல அழுத்துவாள். விழுங்கும்வரை காத்திருப்பாள். சிட்டு இருமவில்லை. அடுத்த வாய்க்குத் தானே வாயைத் திறந்தாள்.

கன்னத்தில் சதை பிடித்தது. எடையும் ஏறியது. "சின்னவளுக்கு ராசியான கை" என்றாள் மாமியார். பெற்றவளுக்கு வயிறு எரிந்தது.

"சித்தி கைன்னா மட்டும் இனிக்குதாடி?"

"அக்கா, நீங்களும் ஒருதடவ பக்கத்துல உக்காந்து பாருங்களேன்."

"பெத்தவளுக்கே பாடம் எடுக்குறியா?"

சின்னவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் குளிக்கப் போன நேரம். கிண்ணத்தைக் காலி செய்து காட்டிவிடும் வேகத்தில், பெற்றவள் பழையபடி மடியில் சாய்த்து அள்ளி அள்ளி ஊட்டினாள். சிட்டுவுக்குப் புரையேறியது. உதடு நீலம் பாரித்தது. அலறல் கேட்டு ஈரத்தலையோடு ஓடிவந்த சின்னவள், குழந்தையைக் குனியவைத்து முதுகில் தட்டினாள். கஞ்சி வெளியே வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. ஆஸ்பத்திரியில், நுரையீரலுக்குள் ஏதும் இறங்கவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இருவருக்கும் உயிர் வந்தது.

திரும்பும் வழியில் சின்னவள் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அதுவும் பெற்றவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்த முறை லீவு போட்டுவிட்டு அவளே போனாள். தெரபிஸ்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஸ்பூனைத் தாழ்த்தினாள். "அவ விழுங்க நேரமாகும்மா. நீங்கதான் பொறுக்கணும்." பொறுத்தாள். சிட்டுவின் தொண்டை ஏறி இறங்கியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போது காலை வேளை சின்னவளுடையது, ராத்திரி அவளுடையது. பொறாமை மட்டும் போகவில்லை. காலையில் சித்தியும் மகளும் சிரிப்பது கேட்டால், கடைக்குக் கிளம்பும் அவசரத்திலும் எட்டிப் பார்ப்பாள்.

"குடு, ஒரு வாய் நான் ஊட்டிட்டுப் போறேன்."

"வரிசையில வாங்கக்கா," என்பாள் சின்னவள், ஸ்பூனை விடாமல்.