மனோகரன் ஓட்டிப் பார்த்த இரண்டு கார்கள்

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் மனோகரன் கியர்பாக்ஸ் பரிசோதகர். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸுக்கு வந்து அவரைக் கூட்டிப்போவார்கள். அவரை அன்பானவர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. கவனமானவர் என்று சொல்லலாம். அவருக்கு ஒரு விதி இருந்தது. பரிசோதிப்பவன்தான் வண்டியை ஓட்ட வேண்டும். வேறு யாரும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. தொழிற்சாலையில் பழகிய விதி அது.

1991இல் அப்பாவு வந்து கூப்பிட்டார். அம்பத்தூரில் அவர் வேலை பார்த்த, இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி மூடிவிட்டது. இளமையில் லாரி ஓட்டியவர், லைசென்ஸ் இருந்தது. ஐம்பது வயதில் டாக்ஸி ஓட்டுவது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. மனைவி புஷ்பாவின் நகைகளை விற்றாகிவிட்டது. வாங்கும் வண்டி தப்பாகிவிட்டால் இன்னொன்றுக்கு வழியில்லை.

பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் புரோக்கர் தேவராஜிடம் ஒரு ஃபியட்டும் ஓர் அம்பாசடரும் நின்றன. ஃபியட் நீலப் புகை விட்டது. இரண்டாவது கியர் தானாக நழுவியது. பின் அச்சு முனகியது. அம்பாசடரின் இன்ஜின் சீராக ஓடியது. கியர் விழுந்த இடத்தில் நின்றது. மனோகரன் அடியில் படுத்து, பின் சக்கரங்களைச் சுழற்றும் நீளத் தண்டைப் பிடித்து ஆட்டினார். ஆட்டமில்லை.

"பொண்ணு பாக்கறவங்க கூட இத்தினி நேரம் பாக்க மாட்டாங்க சார்" என்றார் தேவராஜ்.

அப்பாவு தயங்கிக்கொண்டே கேட்டார்: "நைனா, கிளட்ச் எப்டி கீது?"

"ஃபியட்ல மெத்துனு கீது, இதுல கொஞ்சம் கெட்டி. அதுக்கு இன்னா அண்ணாத்தே? இன்ஜினு பூட்டா இன்னா பண்ணுவே?"

"நான் ஒரு தபா ஓட்டிப் பாக்கட்டா?"

"அதான் நான் ஓட்டிட்டேன் இல்ல? அப்பால இன்னா?"

அம்பாசடரை வாங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து மனோகரன் அவர் வீட்டுக்குப் போனபோது கார் வாசலில் தூசி படிந்து நின்றது. அப்பாவு வீட்டில் இல்லை. புஷ்பாதான் சொன்னாள்.

"ஃபவுண்டரில இரும்பு உழுந்து இடது முட்டி போச்சுண்ணா. டிராபிக்ல நாலு தபா கிளட்ச் மிதிச்சா கால் வீங்கிக்குது. பாடி பஸ் ஸ்டாப்புகிட்ட நடுரோட்ல வண்டிய நிறுத்திட்டு அழுதுகினு இருந்தாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"கால் சரியில்லாதவனுக்கு வண்டி எதுக்குன்னு நீங்க கேட்டுட்டா? அந்த பயம்தான்."

ஃபியட்டின் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்திருக்கலாம். கியரையும் மாற்றியிருக்கலாம். மனோகரனுக்கு அது தெரியாததில்லை.

வண்டியைத் தேவராஜிடமே திருப்பி விற்க முடிவானது. ஓட்ட அப்பாவுவால் முடியாது என்பதால் மனோகரனே ஓட்டினார். அப்பாவு பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டு வந்தார்.

"வண்டி நல்ல வண்டிதான் நைனா" என்றார் ஒருமுறை.

மனோகரன் அம்பத்தூரில் புறப்பட்டதிலிருந்து, இடது கால் கிளட்சை எத்தனை தடவை மிதிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். பூந்தமல்லிக்கு முன்பே நூறைத் தாண்டிவிட்டது.