வெள்ளிக்கிழமைச் சுண்டல்

என் மகள் செல்விக்கு மாதவிலக்கு நின்று ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. சுனாமிக்கு இரண்டு வருஷம் முந்திய கதை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவதே செல்விதான். "இதெல்லாமா ஊருக்குச் சொல்லுவ?" என்று முறைக்கிறாள். சொன்னால்தானே அம்மன் செய்தது தெரியும்?

அப்போது அவளுக்கு மறைமலைநகரில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய், நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு வருவாள். உடம்பு ஊதிக்கொண்டே போனது. தாடையில் முடி முளைத்தது. கண்ணாடி பார்த்து அழுவாள். கூட நானும் அழுவேன். செங்கல்பட்டு லேடி டாக்டர் ஸ்கேன் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டி என்றார். மாத்திரை கொடுத்தார். எடையைக் குறை, இனிப்பை விடு, தினமும் நட என்றார். எனக்கு மாத்திரை மட்டும்தான் காதில் விழுந்தது. மற்றதை அம்மனிடம் விட்டேன்.

வெள்ளிதோறும் கங்கையம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வேண்டிக்கொண்டேன். அந்தப் பொங்கல் இருக்கிறதே! நெய் முழங்கை வரை வழியும். இப்போது நினைத்தாலும் வாய் ஊறுகிறது. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா? செல்விக்கு இரண்டு கை கூடவே வைப்பேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை சொல்லுவாள்: "உம் பொண்ணு ஒரு வெள்ளிகூட தப்பாம கோயிலுக்கு வருது. இன்னா குடுப்பினை!"

வீட்டுக்குத் தூரமானால் கோயிலுக்கு வர முடியாது. என் பெண் தப்பாமல் வந்தாள். அதுதானே எங்கள் துக்கம்!

மறுபடி எடை பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது. செல்வி வெடித்துவிட்டாள். "எனக்காவ வேண்டிக்கினு எனக்கே துன்னக் குடுக்கறியே! சுண்டல் வெச்சா ஆத்தா வாணான்னா சொல்லப்போறா?"

வேண்டுதலை மாற்றலாமா? பயந்துகொண்டே கோயிலில் பூ கட்டிப் போட்டுக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் சுண்டல், சிவப்பு வந்தால் பொங்கலேதான். பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை! அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

அன்றிலிருந்து சுண்டல்தான். ஷேர் ஆட்டோவை விட்டோம். எங்கள் ஊர்ப் பழைய டச்சுக் கோட்டைச் சுவர் ஓரமாக, கோயில் பக்கம், அம்மாவும் பெண்ணுமாகத் தினமும் சாயங்காலம் நடந்தோம். சோறு ஒரு கை, காய் இரண்டு கை. வறுத்த மீன் கிடையாது.

"வஞ்சிரத்தப் போய் கொழம்புல போடறியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்பாள்.

"துன்னுட்டு நடடி" என்பேன். என்ன அருமையான நாட்கள்!

எடை மெதுவாக இறங்கியது. சுடிதாரை இரண்டு தரம் பிடித்துத் தைத்தோம். ஒரு ஆடி வெள்ளி, கோட்டைச் சுவர் கிட்டே செல்வி நின்றுவிட்டாள்.

"யம்மா, நீ போ. நா கோயிலுக்கு வர முடியாது."

"இன்னாடி ஆச்சு?"

"வந்துட்ச்சும்மா."

சுண்டல் தூக்கோடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா, தெரியவில்லை. தனியாகக் கோயிலுக்குப் போனேன்.

"இன்னா, பொண்ணு வர்ல?" என்றாள் அஞ்சலை.

"வர்ல அஞ்சலை, வர்லவே வர்ல! இந்தா, இன்னும் ஒரு கை வாங்கிக்க!"

இப்போது செல்விக்கு ஒரு பெண் குழந்தை. இன்னும் வாயைக் கட்டுகிறாள், நடக்கிறாள். தாய்மார்களே, அம்மனை நம்பிக் கேளுங்கள். டாக்டர் சொல்வதையும் முழுசாகக் கேளுங்கள். எப்போதாவது ஒரு வெள்ளி, மகள் இல்லாமல் நான் மட்டும் போய் நிற்பேன். அன்றைக்கு அம்மன் முகம் பார்க்கவேண்டுமே, அப்படி ஒரு சிரிப்பு!