தேதி போடாத டிக்கெட்

மாதாவின் பிள்ளைகளே, சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியை எடைமேடையிலிருந்து இறக்கி என் காலடியில் வைத்துவிட்டார்கள். உங்களை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் மகள் பாத்திமா மேரி கோலாலம்பூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நிறைமாதம். இரத்தக் கொதிப்பு. நானோ இங்கே பெட்டியோடு நிற்கிறேன். அன்றைக்கு என் தாய் மாதா எனக்குச் செய்த நன்மையை நம் பங்கின் அன்பியக் குழுவார் எல்லோரும் அறிய வேண்டும். அதற்காகவே மூன்றாம் வகுப்போடு நின்ற நான் உட்கார்ந்து எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன். பொறுமையாகப் படியுங்கள்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. ஜூபிலி வருடம், தவக்காலம்.

அதற்கு முன்பே ஒரு முறை மகளின் முதல் பிரசவத்துக்குப் போயிருந்தேன். அப்போது திரும்பி வரவும் சேர்த்தே டிக்கெட் எடுத்தோம். மாற்ற முடியாத தேதி. பிள்ளை பிறக்கத் தாமதமாகிவிட்டது, தேதி வந்துவிட்டது. அழுதுகொண்டே விமானம் ஏறினேன். நான் திண்டுக்கல் வந்து சேர்ந்த வாரத்திலேயே பிள்ளை இறந்து பிறந்தது. என் மகள் தாய்மடி இல்லாமல் தனியாக அழுதாள். போனில் அவள் அழுத சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவள் மறுபடி உண்டானபோது கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். "தாயே, இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் நான் திரும்பும் நாளைக் குறிக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கு வாக்குதான். மகன் சேவியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். போவதற்கு மட்டும் டிக்கெட் எடு என்று சொல்லிவிட்டேன். சுற்றுலா விசா கைக்கு வந்துவிட்டது, இனி யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

கருப்பட்டி, பூண்டு, பிரசவ லேகியம் எல்லாம் பெட்டியில் அடுக்கினேன். நம் ஊர்ப் பூட்டு ஒன்றை, உள்ளங்கை அளவு பெரியதை, மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

விமான நிலையத்தில் சீட்டுப் போடும் இடத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். டிக்கெட்டைப் புரட்டினாள்.

"ரிட்டர்ன் டிக்கெட் எங்கம்மா?"

"இல்லம்மா. போக மட்டுந்தான்."

"டூரிஸ்ட் விசாவுல போறீங்க. திரும்பி வர டிக்கெட் இல்லாம ஏத்த மாட்டோம். அங்க இறங்கினாலும் உங்களை அடுத்த பிளைட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஏதாவது ஒரு தேதி போட்டு எடுத்துட்டு வாங்க. கவுண்டர் மூடப் போறோம்."

சேவியர் பாஸ் வாங்கி உள்ளே வந்திருந்தான். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான். "யம்மா, ஏதாச்சும் ஒரு தேதியச் சொல்லித் தொலைம்மா! வாய்க்கு வந்த தேதியச் சொல்லு!"

"மாதாவுக்குக் குடுத்த வாக்குடா. சொல்ல மாட்டேன்."

"அங்க அக்கா கெடக்கிற கெடப்புக்கு உனக்கு வாக்கு கேக்குதா?"

அந்தச் சொல் என் நெஞ்சில் ஆணி அறைந்தது. தேதி சொன்னால் மகளிடம் போகலாம், ஆனால் வாக்கு போய்விடும். சொல்லாவிட்டால் வாக்கு நிற்கும், மகள் மறுபடி தனியாகக் கிடப்பாள். பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று செபமாலையை எடுத்தேன்.

சந்தோஷ தேவ இரகசியத்தில் இரண்டாவது. மாதா கர்ப்பவதியான எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போன இரகசியம். அதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தாயே, நீயும் பிள்ளைப்பேறு பார்க்க மலைநாட்டுக்குப் போனவள்தானே? உன்னை யாராவது வழியில் நிறுத்தித் திரும்பும் நாளைக் கேட்டார்களா? என் வாக்கை நான் விட மாட்டேன். என் பிள்ளையையும் விட மாட்டேன். இரண்டுக்கும் வழி உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். பத்து மணி உருட்டி முடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு குரல்.

"ஆத்தா, திண்டுக்கல்லா நீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். தொப்பி வைத்த ஒருவர், நடு வயது. என் பெட்டியில் தொங்கிய பூட்டைக் காட்டிச் சிரித்தார். "இம்புட்டுப் பெரிய பூட்ட வேற எந்த ஊர்க்காரவுக மாட்டுவாக? நானும் திண்டுக்கல்லுதான், பேகம்பூர். தோல் யாவாரம். எதுக்கு அழுகுறீக?"

அழுகையும் மூச்சிரைப்புமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் வாக்கைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

"அல்லாவே! நேர்ச்சைய ஏன் ஆத்தா முறிக்கணும்? ஓப்பன் டிக்கெட்டுன்னு ஒன்னு இருக்கு. திரும்பி வர டிக்கெட்டுதான், ஆனா தேதி போட மாட்டான். நமக்குத் தோதான அன்னைக்குப் போட்டுக்கிடலாம். சரக்கு எப்ப விக்கும், பணம் எப்ப வரும்னு எங்களுக்குத் தெரியுமா? நாங்க பாதிப் பேரு அப்படித்தான் போறோம்."

அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டார். அவள் உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தாள். "திரும்புற டிக்கெட் கையில இருந்தா போதும். தேதி இல்லாட்டி பரவாயில்ல. சீக்கிரம்!" என்றாள்.

என் மகன் ஓடினான் பாருங்கள், பள்ளிக்கூடத்துப் பந்தயத்தில்கூட அவன் அப்படி ஓடியதில்லை. விமானக் கம்பெனி ஜன்னலில் டிக்கெட்டை வாங்கி, கம்பிக்கு மேலாக நீட்டினான். அவன் முகமெல்லாம் வேர்வை. பெட்டி மறுபடி எடைமேடை ஏறியது. நான் எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டு ராணியைப் போல நடந்தேன்.

வரிசையில் அந்தப் பேகம்பூர்த் தம்பி என் மகள் பெயரைக் கேட்டார். பாத்திமா மேரி என்றேன். "எங்க வீட்டுப் புள்ள பேருல்ல ஆத்தா! நானும் அல்லாகிட்ட துஆ கேக்குறேன், போங்க" என்றார்.

கோலாலம்பூரில் இறங்கியதும் அங்கிருந்த அதிகாரியும் முதலில் திரும்பும் டிக்கெட்டைத்தான் கேட்டான். நீட்டினேன். பார்த்துவிட்டு, எதுவரை தங்கலாம் என்று முத்திரை குத்தினான். வெளியே காத்திருந்த மருமகன் பாஸ்போர்ட்டைப் பார்த்து, "அத்தை, இன்ன தேதி வரைக்கும்தான்..." என்று ஆரம்பித்தார்.

"மாப்பிள்ள, வாயத் திறக்காதீங்க! அது அவன் குத்துன தேதி. நான் குறிச்ச தேதி இல்ல" என்றேன். பாவம், அவர் பயந்துபோய்ப் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "எப்பம்மா திரும்பிப் போற?" என்றுதான். போன முறை பட்ட பயம் அது. "தெரியாதுடி. டிக்கெட்டுக்கே தெரியாது" என்றேன். அவள் சிரித்தாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். கொதிப்பு இறங்க ஆரம்பித்ததாக மறுநாள் நர்சு சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் என் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் சிலுவை போட்டேன். அதன் பிறகுதான் மருமகனைக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ள, இப்ப எடுங்க அந்தப் பாஸ்போர்ட்ட. எந்தத் தேதிக்குள்ள போகணும்னு பாத்து டிக்கெட்டுல போடுங்க."

என் வாயால் நான் குறித்தேன். அந்த நாள் வந்தபோது மகளே தலையாட்டி வழியனுப்பினாள்.

ஊருக்கு வந்ததும் மாதாவுக்கு மாலை சாற்றிவிட்டு நேராகப் பேகம்பூர் போய் விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்தத் தம்பி வீட்டுக்கு இன்றுவரை கிறிஸ்மஸ் பலகாரம் போகிறது. பெருநாளைக்கு அங்கிருந்து பிரியாணி வருகிறது. அன்றைக்குப் பிறகு, உதவி எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று நான் மாதாவுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிற தாய்மாரே, விசா இருக்கிறது என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். திரும்பும் டிக்கெட்டையும் கேட்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் மாதாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தால், எந்தக் கவுண்டரில் யார் மிரட்டினாலும் அதை விடாதீர்கள். பெட்டிமேல் உட்கார்ந்தாவது கேளுங்கள். நம்மைப் போலவே பிள்ளைப்பேறு பார்க்கப் போன தாய் அவள். நம் வழிப்பயணம் அவளுக்குத் தெரியும்.

என் பேத்திக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. போனில், "அம்மாச்சி, எப்ப வாரீங்க?" என்று கேட்கிறாள். வருவேன். எப்போது என்று மட்டும் கேட்காதே தாயி என்கிறேன்.

மாதாவுக்கே மகிமை.

மரியபுஷ்பம்,
திண்டுக்கல்.